ஆடுவது எது, ஆட்டுவது எது: காற்றும் தண்ணீரும் கிளப்பும் அதிர்வைக் கண்டுபிடித்து அடக்குவது எப்படி

மணலி, எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் எந்தத் தொழிற்சாலையிலும் ஒரு குழாய் நடுங்க ஆரம்பித்தால் முதலில் கூப்பிடப்படுபவர் வெல்டர். "அண்ணே, ரெண்டு ஆங்கிள் அடிச்சு விட்டா நின்னுடும்" என்பார். சில சமயம் நிற்கவும் செய்யும். பல சமயம் இங்கே நின்று, பத்தடி தள்ளி இன்னோர் இடத்தில் ஆரம்பிக்கும். இல்லையென்றால் அடித்த ஆங்கிளே ஆறு மாதத்தில் விரிசல் விடும். வெல்டர் மேல் தப்பே இல்லை, எதனால் ஆடுகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. காற்று, தண்ணீர், நீராவி, எண்ணெய், எது ஓடினாலும் அது பக்கத்தில் இருப்பதை ஆட்டும் வழிகள் நாலைந்து உண்டு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுக்கும். அதனால் கிளாம்பை எடுப்பதற்கு முன்னால் ஆட்டுவது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கு ஒரு போன், ஒரு கயிறு, பத்தாம் வகுப்புக் கணக்கு இருந்தால் பெரும்பாலும் போதும்.

முதல் கேள்வி இதுதான்: ஓட்டத்தின் வேகம் கூடினால் அதிர்வு என்ன ஆகிறது?

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஆடி, அதைத் தாண்டினால் அடங்கிவிடுகிறது என்றால் அது சுழி உதிர்வு. ஒரு வேகம் வரை ஒன்றுமே இல்லாமல் இருந்து, அதைத் தாண்டியதும் திடீரென்று பெரிதாகி, வேகம் கூடக் கூட இன்னும் மோசமாகிறது என்றால் அது படபடப்பு வகை, இதுதான் ஆபத்தானது. ஒழுங்கே இல்லாமல் குலுங்கி, வேகத்தோடு படிப்படியாகக் கூடினால் அது வெறும் கொந்தளிப்பின் அடி. மோட்டார் போடும்போதும் நிறுத்தும்போதும், வால்வை மூடும்போதும் மட்டும் டொம்மென்று அடித்தால் அது நீர் அடி, வாட்டர் ஹேமர் என்பார்களே அதுதான். ஓட்டத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதிர்வெண் ஒரே எண்ணில் நின்றால் ஓட்டத்தைச் சந்தேகிக்க வேண்டாம், மோட்டாரைப் பாருங்கள். நிமிடத்துக்கு 1440 சுற்று மோட்டார் நொடிக்கு 24 முறை ஆட்டும், 2880 சுற்று மோட்டார் 48 முறை. பம்பின் இம்பெல்லரில் ஐந்து இதழ் இருந்தால் அந்த எண்ணை ஐந்தால் பெருக்கிய இடத்திலும் ஒரு முணுமுணுப்பு இருக்கும். இந்த எண்கள் கிடைத்துவிட்டால் அது அலைன்மென்ட், பேரிங், அடித்தளம் பார்ப்பவரின் வேலை, இந்தக் கட்டுரையின் வேலை இல்லை.

சுழிக் கணக்கு

உருண்டையான எதன் மேல் காற்றோ நீரோ மோதினாலும், அதன் பின்பக்கம் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழிகள் கழன்று போகும். ஒவ்வொரு சுழி கழலும்போதும் அந்தப் பக்கம் ஒரு சின்ன இழுப்பு. 1878-இல் வின்சென்ஸ் ஸ்ட்ரௌஹால் என்ற செக் நாட்டு அறிஞர், காற்றில் கம்பி ஏன் பாடுகிறது என்று ஆராய்ந்து இதற்கு ஒரு எளிய சூத்திரத்தைத் தந்துவிட்டார். அந்தச் சுழி வரிசை ஏன் அப்படி இடம் வலமாக நிலைத்து நிற்கிறது என்பதை 1911, 1912 வாக்கில் தியடோர் ஃபான் கார்மன் கணக்காக்கினார். நமக்கு வேண்டியது ஒரே வரி: நொடிக்கு எத்தனை இழுப்பு என்பது, 0.2 பெருக்கல் ஓட்ட வேகம், வகுத்தல் விட்டம். வேகம் மீட்டர்/நொடியில், விட்டம் மீட்டரில். உருண்டைக் குழாய்க்கு 0.2 என்பது மிகப் பரந்த வேக எல்லைக்குள் நன்றாகவே பொருந்தும்.

போட்டுப் பாருங்கள். கடற்கரைச் சாலை ஓரம் ஒரு மொட்டை மாடி, சாயங்காலக் கடல் காற்று நொடிக்கு 5 மீட்டர், குறுக்கே 6 மில்லிமீட்டர் கேபிள் ஒன்று போகிறது. கணக்கு சுமார் 167 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 167 இழுப்பு என்று சொல்லும். அதுதான் உங்கள் ஜன்னலில் கேட்கும் உம்ம்ம் சத்தம், கேபிள்காரர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அதே காற்றில் 60 மில்லிமீட்டர் கொடிக்கம்பம் என்றால் 17 ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் குறைவு, காதுக்கு எட்டாது, கை வைத்தால் தெரியும். ஒரு மீட்டர் விட்டமுள்ள இரும்புப் புகைபோக்கி என்றால் நொடிக்கு ஒரே ஒரு இழுப்பு. இந்த ஒன்று என்ற எண்ணை ஞாபகத்தில் வையுங்கள்.

இழுப்பு மட்டும் இருந்தால் எதுவும் ஆகாது. அந்தப் பொருளுக்குத் தானாக ஆடும் ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. இழுப்பின் எண்ணும் அதுவும் ஒன்றாகும்போதுதான் ஆட்டம் பெரிதாகும். ஆட்டம் பெரிதானதும் சுழிகள் தங்கள் தாளத்தை விட்டுவிட்டுப் பொருளின் தாளத்துக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் வேகம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் ஆட்டம் விடாது. காற்றில் இந்த ஒட்டும் எல்லை குறுகலானது, தண்ணீரில் அகலமானது.

அளப்பது

இயல்பு அதிர்வெண்ணை அளக்க, காற்று இல்லாத அதிகாலையில் போங்கள். கம்பம், குழாய், சின்ன புகைபோக்கி எதுவானாலும் கயிறு கட்டி லேசாக இழுத்து விட்டுவிட்டு, 20 ஆட்டத்துக்கு எத்தனை நொடி என்று எண்ணி வகுத்தால் முடிந்தது. பெரிய புகைபோக்கியை இழுக்க முடியாது. அதற்குப் போனை அதன் மேடையில் டேப் போட்டு ஒட்டி, அதிர்வு காட்டும் ஆப் ஒன்றைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் போதும். பல போன்களின் உணரி நொடிக்கு நூறு முறை அளவில்தான் அளக்கும், ஆகவே 40, 50 ஹெர்ட்ஸுக்கு மேல் அது சொல்வதை நம்பாதீர்கள். அதற்கு மேலே உள்ள ரீங்காரத்துக்கு மைக் போதும். கண்ணுக்குத் தெரிகிற வேகமான நடுக்கத்துக்கு ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து, கட்டம் கட்டமாக நகர்த்தி எண்ணலாம்.

கயிற்றை விட்ட பிறகு இன்னொன்றையும் எண்ணுங்கள், இதை ஏனோ எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: ஆட்டத்தின் வீச்சு பாதியாகக் குறைய எத்தனை ஆட்டம் ஆனது? 0.11-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் தணிப்பு விகிதம். ஐந்தே ஆட்டத்தில் பாதியானால் 2 சதவீதத்துக்கு மேல், பிழைத்தீர்கள். 20 ஆட்டம் ஆகியும் பாதிதான் என்றால் அரை சதவீதம்தான், சுழி உதிர்வுக்கு அது நல்ல இரை. உள்ளே பூச்சு இல்லாமல் வெல்ட் மட்டும் செய்த இரும்புப் புகைபோக்கிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் இருக்கும்.

காற்றின் வேகத்துக்குக் கையடக்க மானி வாங்கலாம், விலை அதிகமில்லை. ஆனால் தரையில் அளந்ததை அப்படியே 30 மீட்டர் உயரத்துக்குப் போடாதீர்கள், மேலே காற்று எப்போதும் வேகம் கூடுதல்.

புகைபோக்கி

வடசென்னையில் சுழி உதிர்வுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் நிற்கிற கான்கிரீட் பூதங்களைச் சொல்லவில்லை, அவற்றின் எடையே அவற்றுக்குக் காவல். நான் சொல்வது நடுத்தரத் தொழிற்சாலையின் பாய்லர் பக்கத்தில் நிற்கும் ஒல்லியான இரும்பு ஸ்டாக். ஒரு மீட்டர் விட்டம், 30 மீட்டர் உயரம், 8 மில்லிமீட்டர் தகடு, கீழே மட்டும் பிடிப்பு என்று வைத்துக் கணக்குப் போட்டால் இயல்பு அதிர்வெண் சுமார் 1.1 ஹெர்ட்ஸ் வரும். சுழிச் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், 1.1 பெருக்கல் 1 வகுத்தல் 0.2, நொடிக்கு 5.5 மீட்டர். அதாவது மணிக்கு 20 கிலோமீட்டர். புயல் வேண்டாம், சித்திரை வைகாசியில் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து வீசும் சாதாரணக் கடல் காற்று போதும். சாயங்காலக் காற்று ஒரே சீராக மணிக்கணக்கில் வீசும், அந்தச் சீர்தான் இங்கே எமன். நொடிக்கு 1.1 ஆட்டம் என்றால் ஒரு மணி நேரத்தில் 3,960, ஒரு கோடைக்காலத்தில் லட்சக்கணக்கில், வெல்ட் களைத்துப்போக அது தாராளம்.

அப்படியானால் வர்தா மாதிரி ஒரு புயலில் என்ன ஆகும்? 2016 டிசம்பர் 12-இல் வீசியது போன்ற காற்றில் முதல் ஆட்டத்தின் வேகம் எப்போதோ தாண்டிப் போயிருக்கும். ஆனால் இப்படி நிற்கும் கம்பத்துக்கு இரண்டாவது ஆட்டம் ஒன்று உண்டு, நடுவில் ஒரு வளைவோடு. அதன் அதிர்வெண் முதலாவதைப்போல ஆறு மடங்குக்குச் சற்று மேல். நம் உதாரண ஸ்டாக்குக்கு அது எழும் வேகம் மணிக்குச் சுமார் 125 கிலோமீட்டர். நேரடிக் காற்று விசையோடு இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சுழிதானா என்று உறுதி செய்ய ஒரு சுலபமான அடையாளம்: ஆட்டம் காற்றுக்குக் குறுக்கே இருக்கும். கிழக்குக் காற்றில் ஸ்டாக் வடக்கும் தெற்குமாக ஆடினால் சந்தேகமே வேண்டாம். கிழக்கு மேற்காக ஒழுங்கில்லாமல் குலுங்கினால் அது காற்றின் கொந்தளிப்பு, அதற்கு வேறு வழி.

ஸ்டாக் பத்து வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஆட ஆரம்பித்தால்? எண்ணூர் உப்புக் காற்று தகட்டைத் தின்றிருக்கும். இங்கே ஒரு விஷயம் பலரை ஏமாற்றும். மெல்லிய குழாயில் தகடு தேய்ந்தாலும் இயல்பு அதிர்வெண் கிட்டத்தட்ட மாறாது, ஏனென்றால் விறைப்பும் எடையும் ஒரே விகிதத்தில் குறைகின்றன. அதனால் அதிர்வெண்ணை மட்டும் அளந்து "பழைய மாதிரியேதான் இருக்கு சார்" என்று சொல்லிவிடுவார்கள். குறைந்தது எடை, எடை குறைந்ததால் அதே இழுப்புக்கு வீச்சு பெரிதாகிறது. தகட்டின் கனத்தை அல்ட்ராசானிக் மானியால் அளந்து பாருங்கள். மாறாக அதிர்வெண் உண்மையிலேயே இறங்கியிருந்தால் அடிப் போல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது அடி வெல்டில் விரிசல் இருக்கலாம். முதலில் போல்ட், அடுத்து சாயம் போட்டு விரிசல் பார்க்கும் சோதனை. ஆடிக்கொண்டிருக்கும்போது யாரையும் மேலே ஏற்றாதீர்கள், அவசரம் என்று மேனேஜர் சொன்னாலும் சரி.

வைத்தியத்துக்கு வருவோம். ஸ்டாக்கின் மேல் மூன்றில் ஒரு பங்கில் மூன்று தகட்டுப் பட்டைகளைத் திருகாகச் சுற்றிப் பற்றவைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அழகுக்கு என்று நினைப்பவர்களும் உண்டு. 1950களில் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஸ்க்ரூட்டனும் வால்ஷும் கண்டுபிடித்தது அது. பட்டையின் உயரம் விட்டத்தில் பத்தில் ஒன்று, ஒரு முழுச் சுற்றுக்கு ஐந்து விட்டம், மூன்று பட்டைகளும் 120 பாகை இடைவெளியில். நம் ஸ்டாக்குக்கு 10 சென்டிமீட்டர் பட்டை, 5 மீட்டருக்கு ஒரு சுற்று, மேலே 10 மீட்டர் நீளம். சுழிகள் உயரம் நெடுக ஒரே நேரத்தில் கழலாமல் சிதறிவிடுவதால் இழுப்பு ஒன்று சேராது.

ஆனால் பட்டை போட்டதும் அந்தப் பகுதியின் மேல் காற்றின் தள்ளு விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சென்னைக்கு இந்தியக் காற்றுத் தரநூலான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி தரும் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். பட்டை போட்ட ஸ்டாக்கின் அடியும் போல்ட்டும் அந்த வேகத்தைத் தாங்குமா என்று கணக்குப் பார்க்காமல் பட்டையைப் பற்றவைப்பது, கடல் காற்றிலிருந்து காப்பாற்றிப் புயலிடம் ஒப்படைப்பதுதான். இரும்புப் புகைபோக்கிக்கு என்றே ஐ.எஸ். 6533 இரண்டாம் பகுதி இருக்கிறது, கணக்குப் போடும் பொறியாளரிடம் அதைக் கேளுங்கள். அடித்தளம் தாங்காது என்றால் உச்சியில் எடைத் தணிப்பான் வைக்கலாம். உயரமான விளக்குக் கம்பங்களுக்கு உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட சங்கிலியைத் தொங்கவிடுவதும் மலிவான, நல்ல வழி, சங்கிலி சுவரில் மோதி மோதி ஆட்டத்தின் சக்தியைத் தின்றுவிடும். ஸ்டாக்கிலிருந்து தரைக்குக் கம்பி கட்டி இழுத்துப் பிடிப்பதும் நடக்கும், மணலியில் அதற்கு யாரிடம் இடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஸ்டாக்குகள் வரிசையாக நின்றால் தனித்தனியாகக் கணக்குப் போட்டு நிம்மதி அடையாதீர்கள், முன்னதன் சுழி பின்னதை அடிக்கும். 1965 நவம்பர் 1-இல் இங்கிலாந்தின் ஃபெர்ரிபிரிட்ஜ் மின்நிலையத்தில் எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்களில் மூன்று விழுந்தன. மூன்றும் காற்றுக்குப் பின்வரிசையில் நின்றவை.

உயர் மின்னழுத்தக் கம்பிகளிலும் இதே சுழிதான். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து கிளம்பும் டவர் லைன்களில், கம்பி டவரைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் குட்டிக் கேபிள் ஒன்றின் இரு முனையிலும் இரும்புக் குண்டு மாட்டித் தொங்கும். 1920களில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டாக்பிரிட்ஜ் கண்டுபிடித்த தணிப்பான் அது. மெல்லிய காற்றில், நொடிக்கு ஓரிரு மீட்டர் முதல் ஏழு மீட்டர் வரைக்குள், கம்பி தன் விட்டத்துக்கும் குறைவான வீச்சில் நடுங்கும். பார்த்தால் தெரியாது, ஆனால் கிளாம்ப் விளிம்பில் இழைகள் ஒவ்வொன்றாக அறும்.

படபடப்பு

அமெரிக்காவில் காற்றில் ஆடி விழுந்த டக்கோமா நாரோஸ் பாலத்தைப் பற்றி எல்லோரும் ஒரே கதை சொல்வார்கள்: காற்றின் தாளமும் பாலத்தின் தாளமும் ஒன்றானது, விழுந்தது. அது தவறு, நிறையப் பாடப்புத்தகங்களிலும் இருக்கும் தவறு. 1940 நவம்பர் 7, காற்று மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சுழிகள் நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் கழன்றிருக்கும். பாலமோ ஐந்து நொடிக்கு ஒரு முறை முறுக்கிக்கொண்டிருந்தது. இரண்டும் பொருந்தவே இல்லை. நடந்தது என்னவென்றால், பாலம் முறுக்க முறுக்கக் காற்று அதன்மேல் படும் கோணம் மாறியது, கோணம் மாறியதால் விசை மாறியது, அந்த விசை முறுக்கலை இன்னும் தள்ளியது. ஆட்டமே காற்றிலிருந்து சக்தியை இழுத்துக்கொண்டது. இந்த வகைக்கு வெளியிலிருந்து எந்தத் தாளமும் தேவையில்லை, அதனால்தான் வேகம் கூடினால் அடங்கவும் அடங்காது.

வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கம் தகரக் கூரை போட்ட ஷெட்களில் ஓரத் தகடு படபடவென்று அடிப்பதும் இதன் சொந்தம்தான். கூரையின் மூலையிலும் விளிம்பிலும்தான் காற்றின் உறிஞ்சல் மிக அதிகம், நடுவில் எத்தனை போல்ட் போட்டாலும் விளிம்பை விட்டுவிட்டால் வீண். விளிம்பு வரிசையில் போல்ட்டை நெருக்கமாக்குங்கள், தகடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தைக் குறையுங்கள், துருவேறிய ஜே போல்ட்டை மாற்றுங்கள். படபடப்புக்கு விறைப்பைக் கூட்டுவது உண்மையான மருந்து. ஆரம்பிக்கும் வேகம் மேலே போய்விடும்.

சுத்திகரிப்பு ஆலைகளில் இதன் இன்னொரு முகம் வெப்பப் பரிமாற்றிக்குள் இருக்கிறது. நூற்றுக்கணக்கான குழாய்கள் நெருக்கமாக நிற்க, குறுக்கே திரவம் பாயும். ஒரு எல்லை வேகத்தைத் தாண்டியதும் ஒரு குழாய் நகர்ந்தால் பக்கத்துக் குழாயின் ஓட்டம் மாறும், அது நகர்ந்து இதைத் தள்ளும். அமெரிக்காவில் சான் ஓனோஃப்ரே அணுமின் நிலையத்தில் புதிதாக மாற்றிய நீராவி உற்பத்திக் கலங்களில் குழாய்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து 2012 ஜனவரியில் கசிந்தது. 2013-இல் நிலையத்தையே நிரந்தரமாக மூடினார்கள். உங்கள் ஆலையில் ஷட்டவுனின்போது பண்டிலை, அதாவது குழாய்க் கற்றையை, வெளியே இழுத்தால், தடுப்புத் தகட்டின் துளைகளில் குழாய் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா, இரண்டு தடுப்புகளுக்கு நடுவே குழாயும் குழாயும் உரசிய தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முதலாவது இருந்தால் கவனம், இரண்டாவது இருந்தால் ஓட்டத்தைக் குறைத்துத்தான் திரும்ப ஓட்ட வேண்டும். தாங்கலுக்குத் தாங்கல் இடைவெளியைப் பாதியாக்கினால் குழாயின் அதிர்வெண் நான்கு மடங்காகும். பழைய பண்டிலில் நடுவே தாங்கல் செருகுவது அதனால்தான் பலன் தருகிறது.

தண்ணீருக்குள்

காசிமேட்டில் இழுவலைப் படகில் போகிறவர்களுக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை, இழுகம்பியில் கை வைத்தே வேகம் சொல்வார்கள். 12 மில்லிமீட்டர் கம்பி, நொடிக்கு ஒன்றரை மீட்டர் இழுவை, 25 ஹெர்ட்ஸ், கை நன்றாக உணரும் எண். ப்ரொப்பெல்லர் சில வேகங்களில் ஒரே சுரத்தில் கீச்சிட்டால் இதழின் பின்விளிம்பிலிருந்து கழலும் சுழி இதழின் இயல்பு அதிர்வெண்ணைப் பிடித்துவிட்டது என்று பொருள். பின்விளிம்பை ஒரு பக்கமாகச் சரித்துக் கூர்மையாகச் சீவினால் பெரும்பாலும் வாய் மூடிவிடும். சீவுவது எல்லா இதழிலும் ஒரே அளவாக இருக்கட்டும், இல்லையென்றால் சமநிலை கெட்டு ஷாஃப்ட் ஆடும்.

தண்ணீரில் நிற்கும் தூண்களுக்கும், குழாய்க்குள் நீட்டியிருக்கும் வெப்பமானி உறைகளுக்கும் காற்றில் இல்லாத ஒரு தொல்லை உண்டு: ஓட்டத்தின் திசையிலேயே முன்னும் பின்னுமாகவும் ஆடும், அதுவும் குறுக்காட்டத்துக்கு வேண்டிய வேகத்தில் பாதிக்கும் குறைவாகவே. 1960களில் இங்கிலாந்தின் இம்மிங்காம் எண்ணெய் முனையம் கட்டும்போது கடல் நீரோட்டத்தில் பைல்கள் இப்படி ஆடின. 1995 டிசம்பர் 8-இல் ஜப்பானின் மொன்ஜு அணு உலையில் சோடியம் கசிந்ததும் இதனால்தான். குழாய்க்குள் நீட்டியிருந்த வெப்பமானி உறை, திடீரென்று விட்டம் சிறுத்த இடத்தில் களைத்து ஒடிந்தது. உங்கள் லைனில் உறை மாற்றும்போது ஓட்டத்தைக் கேட்டு, முனை விட்டத்தைக் கேட்டு, குறுக்குக்கும் நெடுக்குக்கும் இரண்டு கணக்கும் போடச் சொல்லுங்கள். ஏ.எஸ்.எம்.இ.யின் பி.டி.சி. 19.3 டி.டபிள்யூ. தரநூல் அதற்கென்றே இருக்கிறது. தேறாவிட்டால் உறையைக் குட்டையாக்குவதே முதல் வழி.

வீட்டுக் குழாயும் நீராவிக் குழாயும்

தண்டையார்பேட்டையில் நாலு மாடி ஃப்ளாட், சம்ப்பிலிருந்து மேல் தொட்டிக்கு மோட்டார். மோட்டாரை நிறுத்தியதும் சுவருக்குள் டொம். ஓடும் நீர் சட்டென்று நின்றால் எவ்வளவு அழுத்தம் ஏறும் என்று 1898-இல் ரஷ்யாவின் ஜூக்கோவ்ஸ்கி காட்டினார்: இரும்புக் குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் நின்றால் சுமார் 12 பார், பி.வி.சி. குழாயில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவு. நாலு மாடிக்கு நீர் ஏற்றத் தேவையே ஒன்றரை பார்தான் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கையால் திருகி மூடும் கேட் வால்வு பெரும்பாலும் குற்றவாளி இல்லை, அது மெதுவானது. குற்றவாளி, நீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு. மோட்டார் நின்றதும் மேலே ஏறிக்கொண்டிருந்த நீர் நின்று, திரும்பி இறங்க ஆரம்பித்து, வேகம் பிடித்த பிறகு அதன் நாக்கு பட்டென்று மூடுகிறது. ஸ்பிரிங் வைத்த வால்வு நீர் திரும்புவதற்கு முன்பே மூடிக்கொள்ளும், அதை மாற்றினால் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் சத்தம் போய்விடும். பிறகு வேண்டுமானால் கிளாம்ப். முதலில் கிளாம்ப் போட்டால் சத்தம் குறையும், அழுத்தம் குறையாது, ஒரு நாள் எல்போ பிளக்கும்.

மோட்டார் ஓடும்போதே பம்புக்குள் ஜல்லியைப் போட்டு உருட்டுவது போலச் சத்தம் வந்தால் அது வேறு, உறிஞ்சும் பக்கம் நீர் போதாமல் குமிழ் உருவாகி உடைகிறது. உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் அடைப்பு, சின்ன விட்ட உறிஞ்சு குழாய், ஆழம் அதிகம், இந்த மூன்றையும் பாருங்கள். ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமென்றால் வெளியேறும் பக்கத்து வால்வைத் திருகுங்கள், உறிஞ்சும் பக்கத்தை ஒருபோதும் திருகாதீர்கள்.

நீராவி லைனில் தடதடவென்று அடித்தால் விளையாட்டு இல்லை. குழாயில் தேங்கிய நீரை நீராவி உருட்டிக்கொண்டு போய் வளைவில் மோதுகிறது. வால்வு உடலையே உடைக்கும் பலம் அதற்கு உண்டு. குளிர்ந்த லைனைத் திறக்கும்போது முதலில் டிரெயின், அப்புறம் நூலளவு நீராவி, குழாய் சூடான பிறகுதான் முழுத் திறப்பு. அடிக்க ஆரம்பித்துவிட்டால் அருகில் நிற்காமல், நீராவியை மெதுவாக நிறுத்தி, அழுத்தம் இறங்கி ஆறிய பிறகே டிரெயினைத் தொடுங்கள். நிரந்தரத் தீர்வு சாய்வும் தாழ்வான இடங்களில் தேங்கும் நீரை மட்டும் வெளியே விடும், வேலை செய்கிற ஸ்டீம் ட்ராப்பும்தான்.

லைன் தடதடக்காமல் ஒரே சுரத்தில் ஊளையிட்டால், மூடிய கிளைக் குழாய் எதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். சேஃப்டி வால்வுக்குக் கீழே இருக்கும் குட்டைக் குழாய் பெரும்பாலும் அதுதான். ஒலி வேகத்தைக் கிளையின் நீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் வரும் எண், போனில் கேட்ட எண்ணோடு பொருந்தினால் கிளையைக் குட்டையாக்கவோ அதன் வாய் விளிம்பை வளைவாக்கவோ வேண்டும்.

அரை இஞ்ச், முக்கால் இஞ்ச்

ஆலைகளில் உண்மையில் ஒடிவது பெரிய லைன் இல்லை. அதிலிருந்து கிளம்பும் அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் குட்டிக் குழாய்தான், அதன் முனையில் ஒரு கனத்த வால்வும் பிரஷர் கேஜும் தொங்கும். பெரிய குழாய் லேசாக நடுங்கினாலும் முனையில் இருக்கும் எடை அதைப் பெருக்கும், அடி வெல்ட் களைக்கும். நம் வெல்டர் இங்கே வழக்கமாகச் செய்வது, பக்கத்தில் இருக்கும் தூணிலிருந்தோ தரையிலிருந்தோ ஓர் ஆங்கிள் கொண்டுவந்து வால்வைப் பிடிப்பது. பெரிய குழாய் ஆடும், சூட்டில் நகரும். வால்வு தூணோடு கட்டுண்டு நிற்கும். நடுவில் இருக்கும் வெல்ட் இரண்டுக்கும் இடையே மாட்டிக்கொண்டு முன்னைவிட வேகமாகப் போகும். தாங்கலைப் பெரிய குழாயிலேயே கிளாம்ப் போட்டுப் பிடித்து, வால்வை அதோடு, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசையிலும் இறுக்க வேண்டும். வால்வும் பெரிய குழாயும் சேர்ந்தே நகரட்டும். முடிந்தால் குட்டிக் குழாயைக் குட்டையாக்குங்கள், கனத்த வால்வை இலேசானதாக மாற்றுங்கள், வேண்டாத கேஜைக் கழற்றிவிட்டு முறையாக மூடிவிடுங்கள்.

எரிவாயு, எண்ணெய் லைனில் இதையெல்லாம் ஓடும்போது செய்யக்கூடாது, அனுமதிச் சீட்டு இல்லாமல் செய்யவே கூடாது. தாங்கல் போட்ட பிறகு அதே போனை, அதே இடத்தில், அதே ஓட்டத்தில் ஒட்டி மறுபடி அளந்து, எண்ணைத் தேதியோடு குழாய்க்குப் பக்கத்திலேயே பெயிண்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஷட்டவுனில் வருகிறவருக்கு முதல் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே இருக்கும்.